பதினோரு நிமிஷத்துக்கு ஏழு மணி நேரம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல என் பொண்ணு ஏழு மாச கொழந்தையா இருந்தப்ப ஒரு பேபி சோப்பு விளம்பர வீடியோவுல நடிச்சத பத்தி போற போக்குல நாலு வரி எழுதியிருந்தேன். அவ்ளோதான். சாம்பார் பொடி அளவு கேட்டு வர்ற லெட்டர விட இதுக்கு வந்த லெட்டர்தான் ஜாஸ்தி, அதுல பாதி பேர் போன் நம்பர் வேற எழுதி "அக்கா கோஆர்டினேட்டர் நம்பர் குடுங்க"ன்னு. கோஆர்டினேட்டர்னா ஷூட்டிங்குக்கு கொழந்தைங்கள ஏற்பாடு பண்றவர். நம்பர் தர மாட்டேன், தெரிஞ்சத சொல்றேன்.

அக்கா, என் பையனுக்கு எட்டு மாசம். ஒரு ஆட் ஃபிலிம்ல கேக்கறாங்க. அன்னிக்கு அங்க என்னதான் நடக்கும்? ஒண்ணும் புரியாம போய் நிக்க பயமா இருக்கு. (வாசகி, மேடவாக்கம்)

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன் தங்கச்சி, அன்னிக்கு முக்காவாசி நேரம் ஒண்ணுமே நடக்காது. எங்களுக்கு கால் டைம், அதாவது வர சொன்ன நேரம், காலைல ஏழு மணி, வளசரவாக்கம் பக்கம் ஒரு ஷூட்டிங் வீடு, குரோம்பேட்டைல இருந்து அஞ்சரைக்கே ஆட்டோ புடிச்சு போனோம் நானும் அத்தையும் பாப்பாவும், போனா அங்க அப்பதான் லைட்டு இறக்கிட்டிருக்காங்க. ப்ரொடக்‌ஷன் தம்பி சுடச்சுட இட்லி பொங்கல் கொண்டு வந்து குடுத்தார், அது வரைக்கும் நல்லாதான் இருந்துச்சு. அப்புறம் காஸ்ட்யூமர் வந்து ஒரே மாதிரி மூணு வெள்ளை ஃப்ராக்க எடுத்து வெச்சாங்க. ஏன் மூணுன்னு கேட்டேன், "எச்சி வடிப்பா, பால் கக்குவா, அப்ப மாத்தணும்ல"ன்னாங்க. கரெக்டா மூணும் தேவைப்பட்டுச்சு.

அடுத்தது பொட்டு பிரச்சனை. அத்தை காலைலயே கன்னத்துல பெருசா திருஷ்டி பொட்டு வெச்சுதான் கெளப்பினாங்க. அசிஸ்டென்ட் டைரக்டர் பொண்ணு ஒண்ணு, சின்ன பொண்ணு பாவம், வந்து தயங்கி தயங்கி "மேம் அந்த பொட்ட எடுக்கணும், சோப்பு ஆட்ல"ன்னுச்சு. அத்தை முகத்த பாக்கணுமே. இத்தனை பேர் கண்ணு படற எடத்துல பொட்ட எடுக்க சொன்னா! கடைசில ஒரு சமாதானம் பண்ணோம், கன்னத்து பொட்ட அழிச்சுட்டு வலது உள்ளங்கால்ல வெச்சுடலாம், கேமராவுக்கு தெரியாது, சாமிக்கு தெரியும். இத ஞாபகம் வெச்சுக்கங்க, பின்னாடி வருது.

ஒன்பதே முக்காலுக்கு லைட்டிங் ரெடி, ஆர்ட்டிஸ்ட் ரெடி, எல்லாம் ரெடி. ஆனா என் பொண்ணு ஒன்பதரைக்கு தூங்கிட்டா. தினமும் ஒன்பதரைக்கு தூங்கறவ, ஷூட்டிங்னு அவளுக்கு என்ன தெரியும்? கம்பெனி சைடுல இருந்து வந்த ஒருத்தர் வாட்ச பாத்துட்டே "லேசா எழுப்புங்களேன் மேடம், முகத்துல தண்ணி தொட்டு"ன்னார். நான் மாட்டேன்னுட்டேன். எனக்கே குரல் நடுங்குச்சு, சுத்தி முப்பது பேர், ஜெனரேட்டர் ஓடுது, வாடகை ஏறுது, எல்லாம் நம்மளால நிக்குதேன்னு தோணும். ஆனா யோசிங்க, தூக்கத்துல எழுப்பின கொழந்தை சிரிக்குமா? அன்னிக்கு பூரா சிணுங்கும். டைரக்டர் விஷயம் தெரிஞ்சவர், சண்டையே போடல, "சரி அது வரைக்கும் ப்ராடக்ட் ஷாட் எடுத்துடலாம்"னு சோப்பையும் நுரையையும் வெச்சு ஒரு மணி நேரம் ஓட்டிட்டார்.

நாம நின்னுட்டா அவங்க வேற வழி பாத்துப்பாங்கன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுச்சு. அங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு வேலை இருக்கு, லைட்மேனுக்கு லைட்டு, மேக்கப்மேனுக்கு முகம், மேனேஜருக்கு காசு. கொழந்தையோட பசியும் தூக்கமும் யாரோட வேலையும் கெடயாது, உங்க வேலை. அத நீங்க பாக்கலைன்னா யாரும் பாக்க மாட்டாங்க, கெட்டவங்கன்னு இல்ல, அவங்களுக்கு தோணாது.

பத்தே முக்காலுக்கு முழிச்சா, பால் குடுத்தேன், ஏப்பம் விட வெச்சேன், பதினொண்ணேகாலுக்கு ஷாட். அம்மாவா நடிச்ச பொண்ணு தூக்கணும். தூக்கின உடனே ஒரே வீல். ஏழு எட்டு மாசத்துல வேத்து முகம் பாக்க ஆரம்பிச்சுடும்ல, உங்க பையனும் இப்ப அந்த வயசுதான். விளம்பரக்காரங்க அஞ்சு ஆறு மாச கொழந்தைய தேடறதே அதுக்குதான்னு கேமரா அசிஸ்டென்ட் தம்பி சொன்னார், கழுத்து நின்னிருக்கும், பிடிச்சா உக்காரும், சிரிக்கும், ஆனா யார் தூக்கினாலும் போயிடும். நாங்க என்ன பண்ணோம்னா நான் ரெண்டு நாளா போட்டிருந்த காட்டன் துப்பட்டாவ மடிச்சு அந்த பொண்ணோட தோள்ல பொடவைக்கு உள்பக்கமா வெச்சோம். பாப்பா மூக்க வெச்சு தேய்ச்சுச்சு, ஒரு நிமிஷம் யோசிச்சுச்சு, அப்புறம் அந்த பொண்ணோட செயின புடிச்சு வாய்ல போட்டுக்கிச்சு. அவ்ளோதான், ஃப்ரெண்டாயிட்டாங்க. இத யார் எனக்கு சொல்லி குடுத்தாங்கன்னா ரெண்டாவது அம்மா.

ரெண்டாவது அம்மா யாருன்னா, இன்னொரு கொழந்தையோட அம்மா. நமக்கு சொல்லவே மாட்டாங்க ஆனா எப்பவும் ரெண்டு கொழந்தை வரவெச்சிருப்பாங்க, ஒண்ணு அழுதா இன்னொண்ணு. நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல ஒரே ஃபேனுக்கு கீழ உக்காந்து, மொத அரை மணி நேரம் பரீட்சை ஹாலுக்கு வெளிய உக்காந்த மாதிரி பேசிக்கவே இல்ல. அப்புறம் அவங்க பையனுக்கு டயபர் தீந்துபோச்சு, நான் குடுத்தேன், அதோட சரி, இன்னிக்கு வரைக்கும் பேசிட்டிருக்கோம்.

சிரிக்க வைக்கறது தனி கூத்து. சவுண்ட் ரெக்கார்ட் பண்ணல, பின்னாடி மியூசிக் போட்டுப்பாங்க, அதனால யார் வேணா கத்தலாம். என்னை கேமரா லென்சுக்கு நேர் கீழ தரைல உக்கார வெச்சுட்டாங்க, ஏன்னா கொழந்தை அம்மா குரல் வர்ற பக்கம்தான் பாக்கும், லென்ச பாத்த மாதிரி இருக்கும். நான் கிலுகிலுப்பை ஆட்டறேன், டைரக்டர் குதிக்கறார், அசிஸ்டென்ட் பொண்ணு "காக்கா எங்க காக்கா எங்க"ங்குது, என் பொண்ணு யாரையும் பாக்கல, லைட்டு வெளிச்சத்த மென்மையாக்க மேல கட்டின ஸ்கிம்மர் துணி காத்துல ஆடறத பாக்குது. அப்ப ஓரமா நின்ன லைட்மேன் அண்ணன் ஒருத்தர் வெயில்ல கருத்த கைல இருந்த க்ளவுஸ கழட்டி தலைல வெச்சுட்டு அது கீழ விழற மாதிரி தும்மினார். அதுக்கு சிரிச்சா பாருங்க, பொக்க வாய்ல ரெண்டே பல்லு. அண்ணன் பதினாலு தடவ தும்மினார். எல்லாம் சேத்து அந்த ரவுண்டு ஆறு நிமிஷம். மத்தியானம் ஒரு மணிக்கு இன்னொரு அஞ்சு நிமிஷம். ரெண்டு மணிக்கு கெளம்பிட்டோம்.

ஷாட் ஆரம்பிக்கும்போது அடிக்கற கிளாப் பலகை பத்தி ஒண்ணு. படார்னு அடிச்சா கொழந்தை தூக்கிவாரி போட்டு அழும். வெவரமான யூனிட்டா இருந்தா ஷாட் முடிஞ்சப்புறம் தலைகீழா புடிச்சு மெதுவா தட்டுவாங்க, எண்ட் போர்டும்பாங்க. நீங்க போற எடத்துல அப்படி பண்றாங்களான்னு பாருங்க, பண்ணலைன்னா கூச்சப்படாம கேளுங்க.

எடுத்துட்டு போக வேண்டியது உங்களுக்கே தெரியும், டயபர், மாத்து துணி, வீட்டு தண்ணி. நான் மறந்தது எனக்கு ஒரு சுடிதார். அவ கக்கினது என் மேலதான், நாள் பூரா அப்படியே உக்காந்திருந்தேன். மேக்கப் போட வந்தா வேணாம்னுடுங்க, சோப்பு விளம்பரத்துக்கே என் பொண்ணு முகத்துல பவுடர் போட வந்தாங்க, முகம் மினுக்குதுன்னு. ஈர துணியால தொடைச்சேன், போதும்னு கேமராமேனே சொல்லிட்டார்.

எத்தனை மணி நேரம் வெச்சிருக்கலாம்னு சட்டம் இருக்கா? போன வருஷம் என் அண்ணன் கொழந்தைய நைட்டு பத்து வரைக்கும் உக்கார வெச்சாங்க. (வாசகர், திருப்பூர்)

இருக்கு சார், எனக்கும் போய் வந்தப்புறம்தான் தெரிஞ்சுது, அது என் தப்பு. 1986ம் வருஷத்து குழந்தைத் தொழிலாளர் சட்டத்த 2016ல திருத்தினாங்க, பதினாலு வயசுக்கு கீழ யாரையும் வேலைக்கு வெக்கக்கூடாது, ஆனா கலைஞரா நடிக்கறதுக்கு மட்டும் நிபந்தனையோட விலக்கு. அந்த நிபந்தனைங்க 2017 விதிகள்ல இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல கூடாது, ஓய்வு இல்லாம மூணு மணி நேரத்துக்கு மேல கூடாது. படம் எடுக்கறவங்க அந்த மாவட்ட கலெக்டர்கிட்ட அனுமதி வாங்கணும், அதுக்கு படிவம் சி-ன்னு ஒரு உறுதிமொழி, எந்தெந்த கொழந்தை, அப்பா அம்மா சம்மதம், கொழந்தைய பாத்துக்க பொறுப்பான ஆள் யாருன்னு பேரு எல்லாம் அதுல எழுதி குடுக்கணும். அஞ்சு கொழந்தைக்கு ஒரு ஆளாவது வேணும்.

நாங்க ஏழு மணிக்கு போய் ரெண்டு மணிக்கு வந்தோம், கணக்கு போடுங்க, ஏழு மணி நேரம். "நடிச்சது பதினோரு நிமிஷம்தானே"ன்னு மேனேஜர் சொல்வார். ரூம்ல காத்திட்டிருக்கறதும் கொழந்தைக்கு வேலைதான், நான் வாசல்ல கால் வெச்ச நேரத்துல இருந்துதான் எண்ணுவேன். அதனால கோஆர்டினேட்டர் போன் பண்ணும்போதே "பெர்மிஷன் வாங்கியாச்சா, கொழந்தைய எத்தனை மணிக்கு ஷாட்டுக்கு கூப்பிடுவீங்க"ன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. ஆர்ட்டிஸ்ட் ரெடியாகி லைட்டிங் முடிஞ்சப்புறம் நாங்க வந்தா போதுமான்னும் கேக்கலாம், பாதி பேர் ஒத்துப்பாங்க. நைட்டு பத்து மணின்னா சார், அண்ணன் கொழந்தைய தூக்கிட்டு கெளம்பியிருக்கணும். சம்பளம் போனா போகுது.

பணம் எவ்ளோ குடுப்பாங்க? பேங்க்ல போடணும்னு சொல்றாங்களே? (வாசகி, சேலம்)

எனக்கு பேசினது எட்டாயிரம். கைக்கு வந்தது ஆறாயிரத்து நானூறு, அதுவும் ரெண்டு மாசம் பத்து தடவ போன் போட்டு. மீதி கோஆர்டினேட்டர் கமிஷன், அத முன்னாடி சொல்லவே இல்ல. அதனால கைல எவ்ளோ வரும்னு வாட்ஸ்அப்ல எழுத்துல வாங்கிக்கங்க, வாய் பேச்சு வேணாம். விதிப்படி கொழந்தை சம்பாதிச்சதுல கொறஞ்சது 20 சதவீதம் கொழந்தை பேர்ல தேசியமயமாக்கப்பட்ட பேங்க்ல ஃபிக்சட் டெபாசிட் போடணும், மேஜரானப்புறம்தான் எடுக்க முடியும். எங்க யூனிட்ல யாரும் அத பத்தி வாய தெறக்கல. நான் மொத்தத்தையும் அவ பேர்ல போட்டுட்டேன். பெருமைக்கு சொல்லல, அந்த ஆறாயிரத்து நானூற செலவு பண்ண மனசு வரல, அவ்ளோதான்.

போர்ட்ஃபோலியோவுக்கும் ரெஜிஸ்ட்ரேஷனுக்கும் சேத்து பன்னெண்டாயிரம் கட்ட சொல்றாங்க, கட்டலாமா? (வாசகர், மதுரை)

கட்டாதீங்க. வேலைக்கு கூப்பிடறவங்க நமக்கு காசு குடுக்கணும், நாம அவங்களுக்கு இல்ல. கைக்கொழந்தைக்கு எதுக்குங்க போர்ட்ஃபோலியோ, எடுத்த ஒரு மாசத்துல முகமே மாறிடும். ஜன்னல் வெளிச்சத்துல மொபைல்ல எடுத்த நாலு போட்டோ, ஒரு சின்ன வீடியோ, பொறந்த தேதி. இத வெச்சுதான் என் பொண்ண செலக்ட் பண்ணாங்க.

பொறந்து நாப்பது நாள்தான் ஆகுது. பிரசவ சீனுக்கு கேக்கறாங்க, அஞ்சு நிமிஷம்தான்னு சொல்றாங்க. (வாசகி, கோயம்புத்தூர்)

வேணாம்மா. ஆறாவது வாரத்துல போடற தடுப்பூசி கூட இன்னும் போட்டிருக்க மாட்டாங்க, அம்பது பேர் இருமற எடத்துக்கு எதுக்கு? தேசிய குழந்தைகள் உரிமை பாதுகாப்பு ஆணையத்தோட வழிகாட்டுதல்லயே மூணு மாசத்துக்கு உட்பட்ட கொழந்தைய காட்டக்கூடாதுன்னு இருக்கு, தாய்ப்பால், தடுப்பூசி பிரச்சாரத்துக்கு மட்டும்தான் விலக்கு. ஹாலிவுட் இருக்கற கலிஃபோர்னியாவுல பதினஞ்சு நாள் கொழந்தையவே நடிக்க வைக்கலாம்தான், ஆனா அங்க கெடுபிடிய கேளுங்க: ஆறு மாசம் வரைக்கும் செட்ல மொத்தமே ரெண்டு மணி நேரம், அதுல நடிக்கறது இருபது நிமிஷம், பக்கத்துல நர்ஸ் நிக்கணும், பெரிய லைட்டு ஒரு தடவைக்கு முப்பது செகண்டுக்கு மேல கொழந்தை மேல படக்கூடாது. அதனாலதான் அங்க ரெட்டைக் கொழந்தைக்கு அவ்ளோ டிமாண்டு, ஒண்ணு ரெஸ்ட் எடுக்கும்போது இன்னொண்ண தூக்கிப்பாங்க. நம்ம ஊர்ல நாப்பது நாள் கொழந்தைக்கு யார் வாட்ச் வெச்சு முப்பது செகண்டு எண்ண போறா? சிலிக்கோன் பொம்மை இருக்கு, துணில சுத்தி முகத்த மறைச்சா யாருக்கும் தெரியாது, அத வெச்சு எடுத்துக்க சொல்லுங்க.

நாங்க இன்ஸ்டாகிராம்ல பாப்பாவுக்கு பேஜ் வெச்சிருக்கோம். ஒரு கம்பெனி ஃபீடிங் பாட்டில் அனுப்பி ரீல்ஸ் போட சொல்லுது, பாட்டில் ஃப்ரீ. போடலாம்ல? (ஒரு அப்பா, நாகர்கோவில்)

அண்ணா கைய வெக்காதீங்க. 1992ல இருந்தே சட்டம் இருக்கு, 2003ல இன்னும் இறுக்கிட்டாங்க: பால் பவுடர், ஃபீடிங் பாட்டில், ரெண்டு வயசு வரைக்கும் குடுக்கற டப்பா உணவு எதுக்குமே விளம்பரம் பண்ணக்கூடாது. தாய்ப்பால விட அதுதான் ஒசத்தின்னு அம்மாங்களுக்கு தோண வெச்சுடக்கூடாதுன்னுதான். நம்பலைன்னா மெடிக்கல் ஷாப்ல பால் பவுடர் டப்பாவ பாருங்க, கொழுகொழுன்னு ஒரு கொழந்தை படம் இருக்கணுமே, இருக்காது, கொழந்தை படம் போடவே தடை. மீறினா மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். ஒரு பாட்டிலுக்காக இது தேவையா? சோப்பு, டயபர், சட்டைன்னா வேற விஷயம். அப்பயும் குளிக்கற வீடியோ, துணி இல்லாத வீடியோ வேணாம், அது யார் யார் போனுக்கு போகும்னு நம்மளால சொல்ல முடியாது. எங்க சோப்பு விளம்பரத்துலயே குளிக்கற சீன் கேட்டாங்க, துண்டு சுத்தி தோள் வரைக்கும்தான்னு மொதல்லயே பேசிட்டுதான் போனேன்.

வாய் பேச தெரியாத கொழந்தைய வெச்சு சம்பாதிக்கறீங்களே, அது கேட்டுச்சா நடிக்கறேன்னு? (பேர் போடாத லெட்டர், சென்னை)

கேக்கல. நீங்க கேட்டது நியாயம்தான், கோவம் வரல. காதுகுத்து, மொட்டை எதையும்தான் கேட்டு செய்யலன்னு பதில் சொல்லலாம், ஆனா அது சாமர்த்தியமா பேசறது, பதில் இல்ல. உண்மைய சொன்னா எனக்கு ஆசையா இருந்துச்சு. பிரசவத்துக்கு வேலைய விட்டு ஏழு மாசம் வீட்டுக்குள்ளயே இருந்தேன், என் பொண்ண நாலு பேர் பாத்து அழகுன்னு சொல்லணும்னு இருந்துச்சு. அவளுக்கு அன்னிக்கு பெருசா கஷ்டம் இல்ல, தும்மல் மாமா கெடச்சார், செயின் கெடச்சுது. ஆனா ரெண்டாவது வாய்ப்பு வந்தப்ப ராத்திரி ஷூட்டிங்னாங்க, வேணாம்னுட்டேன். அதுக்கப்புறம் போகல.

கடைசியா வீடியோ எப்படி வந்துச்சு? லிங்க் அனுப்பலாமே? (வாசகி, தஞ்சாவூர்)

லிங்க் தர மாட்டேன், பொண்ணு யாருன்னு தெரிஞ்சுடும். மொத்தம் முப்பது செகண்டு, அதுல என் பொண்ணு நாலு செகண்டு, பொக்க வாய் சிரிப்பு. அதுக்கு அடுத்து உள்ளங்கால்ல நுரை தொடற ஒரு க்ளோஸ் அப் வரும், அவ்ளோ அழகு, பஞ்சு மாதிரி, பாத்தவங்க எல்லாரும் அந்த கால பத்திதான் பேசறாங்க.

அந்த கால் என் பொண்ணோடது இல்ல. ஒரு மணி ஷாட்டுக்கு திடீர்னு டைரக்டர் கால் க்ளோஸ் அப் வேணும்னார், அதுவும் வலது கால்தான் லைட்டுக்கு வாகா இருக்காம். திருப்பி பாத்தா அத்தை வெச்ச பொட்டு. வீட்ல காய்ச்சின மை, தேங்கா எண்ணெய தொட்டு தொடைச்சோம், அது அழியறதுக்கு பதிலா குதிகால்ல இருந்து விரல் வரைக்கும் பரவி கரிச்சட்டி மாதிரி ஆயிடுச்சு. வெட் வைப்ஸ் போட்டு தேய்க்க தேய்க்க அவ அழ ஆரம்பிச்சுட்டா, நிறுத்திட்டேன். ரெண்டாவது அம்மா ஒண்ணும் சொல்லாம எழுந்து போய் அவங்க பையன் கால குடுத்தாங்க.

அத்தை இன்னிக்கும் வீட்டுக்கு வர்றவங்க எல்லாருக்கும் போன்ல அத நிறுத்தி காட்டறாங்க, "கால பாருங்க, அப்படியே அவங்க தாத்தா கால்"னு. நான் சமையல்கட்டுக்குள்ள போயிடுவேன்.